நாயகன் வரும் ஜீப்

பழைய மாத நாவல்களைப் பற்றி நண்பர்கள் நடத்தும் ஓர் இதழில் பக்கம் பக்கமாக வாசகர் கருத்துகள். அறைகிற நாயகன், அழுகிற நாயகி, கல்யாணம் ஆனதும் வேலையை விடுகிற பட்டதாரி: இவற்றைப் படித்துத்தான் ஒரு தலைமுறைப் பெண்கள் அடங்கிப் போனார்களாம். கருத்து எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வாடகை நூலகத்தில் காசு கொடுத்து எடுத்துப் படித்த ஒருத்தியின் கடிதம்கூட இல்லை.

போடியில் அவற்றைப் படித்தவர்களை எங்களுக்குத் தெரியும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் காய் எடுக்கப் போனவர்கள். கீழே குடோன்களில் ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரித்தவர்கள். ராத்திரி ஒருத்தி படித்ததை மறுநாள் ஜீப்பில் பத்துப் பேர் கேட்பார்கள்.

அந்த நாவல்களில் பாதி நாயகர்கள் எஸ்டேட் முதலாளிகள். பனி, பங்களா, கோபம். ஜீப்பை அவனே ஓட்டி வருவான். ஆனால் அந்தத் தோட்டத்தில் காய் எடுக்க ஆளே கிடையாது. காய் தானாகப் பழுத்து, தானாகக் காய்ந்து, தானாக மூட்டையில் ஏறிவிடும். பெண் அடிமைத்தனத்தைப் பக்கவாரியாக எண்ணியவர்கள் கண்ணில் இது படவில்லை. எங்கள் தெரு அக்கா ஒருவர் கண்ணில் பட்டது: "சம்பளம் என்னைக்குப் போடுவான்னு எங்கயாச்சும் வருதா தம்பி?" நாயகனின் கோபத்தைக் காதலென்று அவர் நம்பியதேயில்லை, கங்காணியின் கோபம் பழக்கமானவர். பிறகு ஏன் அடுத்த மாதமும் படித்தார்? "அவள யாராச்சும் சாப்புட்டியான்னு கேக்குறாங்கல்ல."

கொள்கைக்காரர்கள் இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் சிரமப்படட்டும்.

ஜீப்பில் ஒருத்தி சொல்லப் பத்துப் பேர் கதை கேட்பது என்றதும் வை.மு. கோதைநாயகி நினைவுக்கு வருகிறார். எழுதப் பழகாத நாளில் அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். பின்பு 115 நாவல்கள். எழுத்தாளர் லட்சுமியோ கதை எழுதிய பணத்தில் மருத்துவம் படித்தவர். 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவரை நம்மில் எத்தனை பேர் இரண்டு பக்கமாவது ஒழுங்காகப் படித்தோம்? அதே ஆண்டு ஓர் அமெரிக்க ஆய்வாளரின் நூல் வந்தது. அவர் காதல் நாவல் வாசகிகளையே தேடிப் போய்க் கேட்டவர். படிக்கும் நேரமாவது தமக்கே தமக்கென்று இருக்கிறது என்றார்கள் அவர்கள். அங்கே அது தனிமை. இங்கே ஜீப் நிறைய ஆட்கள்.

அமைப்பியல் வந்தபோது ஆசிரியனைக் கொன்றோம். அந்த இடத்தில் வாசகியை உட்கார வைத்தோமா? நம் நவீனத்துவ நாயகன் மொட்டைமாடியில் அந்நியமாகிக் கிடப்பான், இறங்கி வந்தால் சோறு இருக்கும். வடித்தவளுக்குப் பெயர் இராது. அவளுக்கு இந்த நிறம்தான் பிடிக்கும், இந்த ஆளைப் பிடிக்காது என்று நம் எத்தனை கதைகளில் எழுதினோம்? எங்கள் இதழின் பழைய தொகுப்பைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் லட்சணமும் அதுதான்.

இப்போது குடோனில் செல்போனை நடுவில் வைத்து நாவல் கேட்கிறார்கள். போன வாரம் நான் நுழைந்தபோது நாயகன் ஜீப்பை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். காயிலிருந்து கையை எடுக்காமல் ஒருவர், "வந்துட்டாருடி மொதலாளி" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு.