1,750 ரூபாயும் அரைப்பேரும்

இலங்கையின் 2026 வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 1,750 ரூபாய் என்று அறிவித்தது. அடிப்படை 1,550, மிச்சம் 200 வேலைக்கு வந்ததற்காக அரசு தருவது. ஊவாவிலுள்ள எங்கள் லுணுகலை டவுன் கடைகளில், "இனி ஒங்களுக்கு என்ன கொற?" என்று கேட்கிறார்கள். கொழுந்தெடுக்கும் அம்மாவின் மகள் நான். இங்கேயே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். முழுப்பேர் மாதத்தில் எத்தனை நாளைக்கு விழுகிறது என்று யாரும் கேட்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தோட்டம் சொல்லும் கிலோவை எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அல்லது எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வறண்ட காற்று அடிக்கும். செடி அதிகம் துளிர்க்காது. துளிர்க்கிற கொஞ்சக் கொழுந்தில்தான் உலகம் தேடும் அந்த வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு மவுசு கூடும் பருவம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அரைப்பேர் கூடுவதும் அதே பருவத்தில்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோ என்று கழிப்பார்கள். மழை நாளில் சரி. மண் வெடித்துக் கிடக்கும் ஆகஸ்டிலும் அம்மாவின் கொழுந்தில் தண்ணிக்குக் கழித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். "வெயிலுக்கும் தண்ணியாங்க ஐயா?" என்று அம்மா கேட்டார். மறுநாள் அவருக்குக் கிடைத்தது கொழுந்தே இல்லாத தொங்கல் நிரை.

இதையெல்லாம் பேச முன்பு ஓர் இடம் இருந்தது. பெருந்தோட்டக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். 2016இல் அடிப்படைச் சம்பளம் 500, 2019இல் 700 என்று அது தந்தது சொற்பம்தான். ஆனாலும் கிலோவைக் கூட்டுவதென்றால் தோட்டத்துச் சங்கத் தலைவரோடு பேசியாக வேண்டும் என்ற பிடிமானம் இருந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாய் விதித்ததும் கம்பெனிகள் ஒப்பந்தத்தை விட்டு விலகின. இப்போது ரூபாயைக் கொழும்பு சொல்கிறது, கிலோவைத் தோட்டம் சொல்கிறது.

கென்யாவைவிட இங்கே உற்பத்திச் செலவு அதிகம், ஏலத்தில் விலை எங்கள் கையில் இல்லை என்று கம்பெனிகள் சொல்வது பொய்யல்ல. அப்படியானால் வாங்குகிறவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஜெர்மனியில் 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அங்குள்ள பெரிய கம்பெனிகள் தமக்குச் சரக்கு வரும் இடங்களில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும்; பாதிக்கப்பட்டவர் முறையிட வழியும் வைக்க வேண்டும். அப்படியொரு வழி இருப்பதாக எங்கள் லயத்தில் எவரும் வந்து சொன்னதில்லை. தேயிலை வாங்குகிறவர்கள் கேட்கும் சான்றிதழுக்காகத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களோ முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறார்கள். அதற்குள் கக்கூசுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிடும்.

அவர்கள் ஆகஸ்டில், சொல்லாமல் வரட்டும். பேர் பதியும் செக்ரோலைப் புரட்டி அரைப்பேர்களை எண்ணட்டும். அந்தி நிறுவை முடியும் மட்டும் தராசுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். நம் தொழிற்சங்கத் தலைவர்களும் அடுத்த பேச்சுவார்த்தையில் ரூபாயோடு கிலோவையும் மேசையில் வைக்க வேண்டும். வறட்சி மாதங்களுக்குக் குறைந்த கிலோ, காய்ந்த நாளில் தண்ணிக் கழிவு கிடையாது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்காமல் எவரும் கையெழுத்துப் போடக்கூடாது.