ஒரே குருதிக்கு ஒரே அளவு வேண்டும்

கொழுந்துத் தராசைப் பற்றி எமது மக்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஒரே கூடைக்குக் காலையில் ஒரு நிறையும் மாலையில் வேறொரு நிறையும் வந்தால் அன்றே கேள்வி எழும். காணியை விட்டு வந்த குடும்பங்களும் சந்தையில் மரக்கறி நிறுக்கும்போது முள்ளைப் பார்த்தபடிதான் நிற்கின்றன. குருதியைச் சோதிக்கும் தராசைப் பற்றி மட்டும் நாம் கேட்பதில்லை.

பொல்பிட்டியப் பக்கத்துச் சிறுவன் ஒருவனுக்குக் காய்ச்சல் விடவில்லை. உடம்பெல்லாம் கன்றிய தழும்புகள். இரத்தப் புற்றுநோய் என்ற சந்தேகத்தில் என்பு மச்சை எடுத்து ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். வகையைத் தீர்மானிக்க முடியவில்லை, மீண்டும் அனுப்புக என்று பதில் வந்தது. சில குறிகளை மட்டுமே அங்கு பார்த்திருந்தார்கள். பிள்ளையின் இடுப்பெலும்பில் மறுபடி ஊசி. தாய்க்கு மறுபடி பேர் இல்லாத நாட்கள்.

இச்சோதனையைப் புளோ சைட்டோமெற்றி என்பர். ஒளிரும் சாயம் பூட்டிய பிறபொருளெதிரிகளைக் குருதிக் கலங்களோடு சேர்த்து, கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிடுகிறார்கள். எந்தக் கலம் எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்பதிலிருந்து அதன் மேலுள்ள குறி தெரியவரும். அக்குறிகளுக்கு உலகெங்கும் ஒரே எண் வழங்கும் முறை 1982 இல் பாரிசில் கூடிய மாநாட்டில் தொடங்கியது. சீ.டீ. 19, சீ.டீ. 10 இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரு வகையை நோக்கிக் காட்டும், சீ.டீ. 3, சீ.டீ. 7 இன்னொரு வகையை. நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலத் தோன்றும் கலங்களுக்கு மருந்து வேறு வேறு. சிகிச்சைக்குப் பின் பத்தாயிரம் கலங்களில் ஒன்று எஞ்சியிருந்தாலும் இம்முறையால் கண்டுபிடிக்கலாம்.

ஆனால் பெயர் ஒன்றாகிவிட்டதால் அளவும் ஒன்றாகிவிடாது. எந்தக் குறிகளைப் பார்ப்பது, எந்தச் சாயம், இயந்திரத்தை எப்படிச் சரிபார்ப்பது, அறிக்கையில் என்ன எழுதுவது என்பன இடத்துக்கு இடம் மாறினால் முடிவும் மாறும். ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் பல ‘யூரோபுளோ’ என்ற பெயரில் சேர்ந்து, எட்டு நிறங்களைக் கொண்ட பொதுமுறையை 2012 இல் வெளியிட்டன. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலிருந்து ஓர் அமைப்பு, ஒரே குருதி மாதிரியைப் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கும் அனுப்பி, யார் என்ன விடை சொல்கிறார்கள் என்று ஒப்பிடுகிறது. தராசுக்கு முத்திரை குத்துவது போலத்தான்.

இது பெரிய வைத்தியர்களின் விடயம், எமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். வசதியுள்ளவர் சந்தேகம் வந்தால் இரண்டாம் சோதனையைப் பணம் கொடுத்துச் செய்வார். லயத்துப் பிள்ளைக்கு முதற் சோதனையே கடைசிச் சோதனையாகிவிடக்கூடும். பொதுமுறை இல்லாததன் சுமை ஏழையின் முதுகில்தான் விழுகிறது என்பது எமது உறுதியான கருத்து.

தூரமும் ஒரு பிரச்சினை. மாதிரி எடுத்து ஓரிரு நாளுக்குள் சோதிக்காவிட்டால் கலங்கள் கெட்டுவிடும். இங்கிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்ல கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை எல்லாம் கடக்க வேண்டும்; மழையில் மண் சரிந்தால் பாதையே இல்லை. மலையக வைத்தியசாலைகளிலிருந்து மாதிரிகளைக் கொண்டுசெல்ல நேரம் குறித்த வாகன ஒழுங்கு வேண்டும். எல்லா அரச ஆய்வுகூடங்களுக்கும் ஒரே குறிப்பட்டியல், ஒரே அறிக்கைப் படிவம், ஒழுங்கான வெளிப்பரிசோதனை வேண்டும். படிவத்தின் சாரம் தமிழிலும் இருக்க வேண்டும்.

அதுவரை, எமது குடும்பங்கள் ஒவ்வொரு அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு வைத்திருக்கட்டும். இன்னொரு வைத்தியசாலைக்கு மாற்றினால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.