எழுத்து வரமா? தொழிலா?

டெலிவிஷனில் தினந்தோறும் ஜனங்கள் பார்க்கிற கதைகளையெல்லாம் யாரோ சில மனிதர்கள்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அப்படி எழுதுவதை நாமும் கற்றுக்கொள்ளலாமா என்று ஒரு வாலிபன் கேட்டால், "அது பிறவியிலேயே அமைய வேண்டும், கற்று வருவதல்ல" என்று உடனே பதில் வந்துவிடுகிறது. சோம்பேறிக்கும் சூழ்ச்சிக்காரனுக்கும் ஒருங்கே உதவுகிற பதில் இதைப்போல் வேறொன்று இல்லை என்று நாம் சொல்லுகிறோம்.

தச்சன் கதவு செய்கிறான். அதைக் கடவுள் அருள் என்று யாராவது சொல்லுகிறார்களா? குயவன் பானை வனைகிறான். அதை முன் ஜன்ம வாசனை என்று யாராவது சொல்லுகிறார்களா? கைப்பழக்கம் என்றுதானே சொல்லுகிறோம்? பேனா பிடிக்கிறவன் திறமைக்கு மாத்திரம் தெய்வத்தைக் கூப்பிடுவானேன்? ஆடு மேய்த்தவன் நாக்கில் காளி எழுதினாள், அவன் மகா கவியானான் என்று ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையின் பலன் என்ன? ஆடு மேய்க்கிற மற்றவர்களெல்லாம் எழுத்துப் பழகாமல் காளிக்காகக் காத்திருப்பதுதான் பலன். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

இத்தொழில் மிகவும் பெருகி வளர்ந்த தேசம் அமெரிக்கா. ஆகவே அங்கு நடந்ததையே எடுத்துக்கொள்ளுவோம். பேடி சாயெவ்ஸ்கி என்பவர் நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். இவருடைய நாக்கில் எந்தக் காளியும் எழுதவில்லை. லில்லியன் ஹெல்மன் எழுதிய ஒரு நாடகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அது முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் டைப் அடித்துப் பார்த்து, ஒரு காட்சிக்குப்பின் மற்றொரு காட்சி ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டார். பிறகு 1953-ல் ஒரு கசாப்புக் கடைக்காரனைக் கதாநாயகனாக வைத்து "மார்ட்டி" என்ற டெலிவிஷன் நாடகத்தை எழுதினார். அதுவே பின்னர் சினிமாவாகி, சிறந்த படம், சிறந்த திரைக்கதை ஆகியவற்றுக்கான ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. ராட் செர்லிங் என்பவர் 1955-ல் "பேட்டர்ன்ஸ்" என்ற நாடகத்தால் ஒரே இரவில் புகழ் பெற்றார் என்று சொல்லுவார்கள். அந்த ஒரு இரவுக்குமுன் அவர் எழுதித் தள்ளிய டெலிவிஷன் நாடகங்கள் எழுபதுக்கு மேல்! எழுபது கதவு செய்தவன் எழுபத்தோராவது கதவை நன்றாகச் செய்தால் அதில் அற்புதம் என்ன இருக்கிறது?

சரி, இத்தொழிலில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அநேகம் இருக்கின்றன. அங்கு விளம்பரம் போடும் ஸ்டேஷன்களில் ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் கதைக்குக் கிடைப்பது சுமார் 42 நிமிஷந்தான். அரை மணி நேரம் என்றால் சுமார் 22 நிமிஷம். மீதி விளம்பரக்காரனுடையது. விளம்பரம் வந்ததும் ஜனங்கள் வேறு பக்கம் திருப்பிவிடாமல் இருக்க, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கதை ஒரு திருப்பத்தில் நின்றாக வேண்டும். பெரிய கதை ஒன்றும், அதனுடன் பின்னிச் செல்லும் சிறு கதை ஒன்றிரண்டும் வேண்டும். ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு என்ன வேண்டும், அதை யார் தடுக்கிறார்கள், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத காட்சியை, அதில் எவ்வளவு அழகான வசனம் இருந்தாலும், வெட்டியெறிய வேண்டும். இவையெல்லாம் மந்திரமா? தச்சனுடைய முழக்கோலைப்போல அளவுகள்தானே? பிடித்த ஒரு கதையை நாலுதரம் பார்த்து, காட்சி காட்சியாக எழுதி வைத்து, இந்த மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்க்கிற எவனுக்கும் இது விளங்கிவிடும்.

தொழில் தெரிந்தவனுக்கு இன்னொரு லாபமும் உண்டு. 1955-ல் மிசிசிப்பி மாகாணத்தில் எம்மெட் டில் என்ற 14 வயது நீக்ரோச் சிறுவனை வெள்ளையர்கள் கொன்றார்கள். விசாரணைக்கு நிறுத்தப்பட்ட இருவரையும் வெள்ளையர் மாத்திரமே அடங்கிய ஜூரி விடுதலை செய்தது. அந்த அக்கிரமத்தை வைத்துச் செர்லிங் 1956-ல் ஒரு நாடகம் எழுதினார். நாடகத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனிக்காரர்கள் பயந்து, இடத்தை மாற்றினார்கள், கொலையுண்டவன் இன்னான் என்பதையும் மாற்றினார்கள். கடைசியில் அது எந்த ஊர்க் கதை என்றே அடையாளம் தெரியாமற் போயிற்று. செர்லிங் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1959-ல் "ட்வைலைட் ஸோன்" என்ற தொடரை ஆரம்பித்து, வேற்றுக் கிரகம், வருங்காலம் என்று பேர் வைத்து, துவேஷத்தையும் மூடத்தனத்தையும் வெளுத்து வாங்கினார். அதன் 156 பகுதிகளில் 92-ஐ அவரே எழுதினார். வெறும் ஆவேசத்தால் இது ஆகுமா? தொழில் தெரிந்ததால்தானே ஆயிற்று?

நிற்க, எழுத்தைத் தெய்வ வரம் என்பவர்கள் கதவைச் சாத்துவது ஒரு விதம். முதலாளிகள் சாத்துவது மற்றொரு விதம். அமெரிக்காவில் இத்தொழிலுக்குப் பட்டறை என்பது எழுத்தாளர்கள் கூடி உட்காருகிற அறையாகும். அங்கே வாரக்கணக்கில் விவாதித்து, பலகையில் சீட்டுச் சீட்டாகக் கதையைக் கோப்பார்கள். கடைசி வரிசையில் உட்காரும் புதியவன் மூத்தவர்களைப் பார்த்துக் கற்பான். வருஷத்துக்கு 22 பகுதிகள் எடுத்த காலத்தில், ஒரு பக்கம் எழுத்தும் மறு பக்கம் படப்பிடிப்பும் நடந்ததால், தான் எழுதியது படமாவதைப் போய்ப் பார்க்கவும் அவனுக்குச் சந்தர்ப்பம் இருந்தது. பிறகு இன்டர்நெட் வழியாகப் படம் காட்டும் கம்பெனிகள் வந்தன. எட்டுப் பத்துப் பகுதிகள் போதும் என்றார்கள். நாலைந்து பேரைச் சில வாரங்களுக்கு அமர்த்தி, எழுதி வாங்கிக்கொண்டு, படப்பிடிப்புக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். இதற்குச் "சிற்றறை" என்று பேராம்! சம்பளம் போனது ஒரு நஷ்டம். கற்கும் வழியே அடைபட்டது அதனினும் பெரிய நஷ்டம். சம்பளமில்லாமல் வருஷக்கணக்கில் காத்திருக்கப் பணக்காரன் மகனால் முடியும், கூலிக்காரன் மகளால் முடியுமா?

இதற்காகவும் சேர்த்துத்தான் அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தார் சுமார் 11,500 பேர் 2023 மே 2-ந் தேதி வேலை நிறுத்தம் செய்தார்கள். அறையில் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பேச்சுவார்த்தையில் முதலாளிகள் அடியோடு தள்ளினார்கள். யந்திரத்தை எழுத்தாளனுக்குப் பதிலாக வைக்கக்கூடாது என்றதற்கு, வருஷத்துக்கொருமுறை கூடிப் பேசலாம் என்று தயவு காட்டினார்கள். எழுத்தாளர்கள் 148 நாள் அசையவில்லை. முடிவில், எடுப்பதென்று தீர்மானமான தொடர் ஆறு பகுதி வரையானால் மூவர், ஏழு முதல் பன்னிரண்டானால் ஐவர், அதற்கு மேலானால் அறுவர் என்று ஏற்பட்டது. எல்லாப் பகுதிகளையும் ஒருவரே எழுதினால் மாத்திரம் விலக்கு. படப்பிடிப்பின்போதும் எழுத்தாளர்களை வைத்திருக்க வேண்டும் என்றும், யந்திரம் எழுத்தாளனாக எண்ணப்படாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. இதைக் கொடுத்தது காளியா, கலைமகளா? ஒற்றுமையல்லவா?

ஆகவே வாலிபர்களே! "உனக்கு வராது" என்று எவன் சொன்னாலும், "எந்தத் தொழில் யாருக்குப் பழகாமல் வந்தது?" என்று திருப்பிக் கேளுங்கள். ஏழு நாளில் இரகசியம் சொல்லித் தருகிறேன் என்று காசு கேட்கிறவனையும் நம்பாதீர்கள். அவன் வேறு வேஷம் போட்ட மந்திரவாதியேயாவான். பாருங்கள், பிரித்துப் பாருங்கள், எழுதுங்கள், அடித்து எழுதுங்கள், நாலு பேருக்குப் படித்துக் காட்டித் திட்டு வாங்கி மறுபடியும் எழுதுங்கள். கற்ற பிறகு, உங்களுக்குப் பின்னால் வருகிறவனுக்கும் அந்த அறையில் ஒரு நாற்காலி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தான் ஏறியதும் ஏணியை எடுத்துவிடுகிறவன் எவ்வளவு நன்றாக எழுதினாலும், அவன் முதலாளியின் வாயிற்காவலனே ஒழிய எழுத்தாளனல்லன்.