பழைய காருக்குப் புது டயர் எதற்கு?

பழைய கார் வாங்கிய வீட்டில் முதல் இரண்டு மாதம் ஒரே கொண்டாட்டம்தான். எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, குலதெய்வம் கோவிலுக்குப் போயாச்சு, சொந்தக்காரர்களை எல்லாம் ஏற்றி இறக்கியாச்சு. ஆறாவது மாதம் ஒரு நாள் வண்டி பஞ்சர் கடையில் நிற்கும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றிய பையன் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பான்.

"சார், வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. உள்பக்கம் பட்டனே இல்ல சார்."

"என்னப்பா சொல்ற? வாங்கும்போது நாலுமே புது டயர். இன்னும் 8,000 கிலோமீட்டர்கூட ஓடலையே..."

"அதான் சார் புதுசா போட்டுக் குடுத்திருக்காங்க."

பையன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. ஆனால் காரின் சொந்தக்காரர் காதில் அது விழுவதில்லை. டயர் கம்பெனி சரியில்லை, ரோடு சரியில்லை, வீட்டில் பிள்ளைகள் ஓட்டுகிற லட்சணம் சரியில்லை என்று எல்லோரையும் திட்டுவார். வண்டியை விற்றவரை மட்டும் திட்டமாட்டார். "பாவம், நல்ல மனுஷன், புது டயரெல்லாம் போட்டுக் கொடுத்தார்" என்பார்!

சாதாரணமாக ஒரு கார் டயர் 40,000 கிலோமீட்டராவது உழைக்கும். புது டயரில் பட்டனின் ஆழம் 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். அது 8,000 கிலோமீட்டரில் தீர்ந்துபோனால், குற்றவாளி டயராக இருப்பது அபூர்வம். காய்ச்சல் வந்தால் உடம்புக்குள் ஏதோ கோளாறு என்று தெரிகிற மாதிரி, டயர் தேய்ந்தால் வண்டிக்குள் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

எந்தக் கோளாறு என்பதையும் தேய்மானமே சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இந்த இரண்டும் ஓட்டுகிறவர் பொறுப்பு. இதற்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது பேலன்சிங் சரியில்லாமல் இருக்கலாம். ஒரே ஓரம் மட்டும், அதிலும் உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். அலைன்மெண்ட் விலகியிருக்கும். அல்லது அடியில் லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் என்று ஏதோ ஒன்று வளைந்தோ தேய்ந்தோ போயிருக்கும்.

கொஞ்சம் விலகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பிளஸ் ஒன் முக்கோணவியல் போதும். ஒரு சக்கரம் வண்டி போகும் திசையிலிருந்து கால் டிகிரி மட்டும் திரும்பியிருக்கிறது. கால் டிகிரியின் சைன் மதிப்பு 0.0044. அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 40 கிலோமீட்டருக்கு மேல்! ரப்பர் ஓரளவு வளைந்துகொடுக்கும் என்றாலும், மிச்சம் முழுவதும் தார் ரோட்டில் உரசல்தான். கண்ணுக்கே தெரியாத கோணம் ஒரு செட் டயரையே தின்றுவிடுகிறது.

அலைன்மெண்ட் பார்த்தால் சரியாகிவிடாதா? சில சமயம் ஆகும். ஆனால் பல சிறிய கார்களில் அலைன்மெண்ட் கடையில் திருத்தக்கூடியது முன்சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணத்தை மட்டும்தான். சக்கரம் மேலிருந்து கீழாகச் சாய்ந்திருந்தால் அதைத் திருத்தக் கம்பெனியே வழி வைத்திருக்காது. பின்சக்கரங்களுக்குப் பெரும்பாலும் எந்தத் திருத்தமும் கிடையாது. எங்கேயோ மோதி அடிப்பாகம் நகர்ந்த வண்டி என்றால், வளைந்த பாகத்தை மாற்றாமல் எத்தனை முறை அலைன்மெண்ட் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. அதற்கு ஆகும் செலவைவிட நான்கு டயரின் விலை குறைவு என்று விற்பவர் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? டயர் புதிதாகும். நோய் அப்படியே இருக்கும். நோயைக் காட்டிக்கொடுக்கிற சாட்சி மட்டும் பழைய டயர்க் குவியலுக்குப் போய்விடும்.

ஆகவே பழைய காரில் பளபளக்கும் புது டயர் சலுகை அல்ல, சந்தேகப்பட வேண்டிய விஷயம். தேய்ந்த டயரோடு நிற்கிற வண்டி குறைந்தபட்சம் உண்மை பேசுகிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, கையை உள்ளே விட்டு உள் ஓரத்தைத் தடவினால் அந்த வண்டியின் ஜாதகமே கையில் தட்டுப்படும்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். வண்டி 2019 மாடல், மீட்டர் காட்டுவது 28,000 கிலோமீட்டர், டயர் மட்டும் 2022 என்றால் என்ன அர்த்தம்? 28,000 கிலோமீட்டருக்குள் ஒரு செட் டயரை வண்டி தின்றிருக்கிறது, அல்லது மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். வேறு நியாயமான காரணமும் இருக்கலாம். ஆனால் அதை விற்பவர்தான் விளக்க வேண்டும். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி" என்பது அதற்குப் பதில் ஆகாது.

இது பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. மழையில் தண்ணீரை வெளியே தள்ளுவது பட்டன்களுக்கு இடையில் இருக்கும் பள்ளம்தான். அது இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் பைபாஸில் போகும் வண்டி தண்ணீர்மேல் வழுக்கும். பிரேக் பிடித்தும் பலன் இருக்காது. உள் ஓரம் கம்பி தெரியும்வரை தேய்ந்துவிட்டால், கோடை வெயிலில், முழு லோடில், வேகத்தில் போகும்போது வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாக இருப்பதால் யாருக்கும் முன்கூட்டித் தெரிவதும் இல்லை.

சரி, அரசாங்கம் இதையெல்லாம் பார்க்காதா? கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆனால் யார் அளக்கிறார்கள்? மஞ்சள் போர்டு வண்டிக்கு எஃப்.சி. உண்டு. சொந்த உபயோகக் காருக்கு 15 வருடம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் பரிசோதனை. இடையில் மூன்று கை மாறினாலும் பெயர் மாற்றம் காகிதத்தில் நடக்கும். வண்டிக்கு அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. புகைச் சான்றிதழ் புகையை மட்டும்தான் பார்க்கும்.

இங்கிலாந்தில் கார் மூன்று வயதைத் தொட்டதும் வருடா வருடம் பரிசோதனை கட்டாயம். அதில் டயரும் பார்க்கப்படுகிறது. வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய பரிசோதனை முடிவுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் அங்கே டயரை மாற்றினாலும் சாட்சியை முழுவதும் அழிக்க முடியாது.

இந்தியாவிலும் ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். தங்களிடம் இருக்கும்போது வண்டி எதற்காக, எவ்வளவு தூரம் ஓடியது என்று மின்னணுப் பதிவேடும் வைக்க வேண்டும். அதோடு இரண்டே இரண்டு தாள்களைச் சேர்த்தால் போதும். ஒன்று, விற்கும் வாரத்தில் எடுத்த அலைன்மெண்ட் ரிப்போர்ட். இன்னொன்று, ஐந்து டயர்களின் தேதி எண்ணும் (ஸ்டெப்னியைச் சேர்த்துத்தான்) எப்போது, ஏன் மாற்றப்பட்டன என்ற குறிப்பும். அலைன்மெண்ட் மெஷினில் ரிப்போர்ட் தானாகவே அச்சாகி வருகிறது. செலவு சில நூறு ரூபாய்தான்.

கன்சல்டிங் நடத்துகிறவர்கள் இதை எதிர்ப்பார்கள். "பழைய வண்டின்னா நாலு குறை இருக்கத்தான் செய்யும், பார்த்துத்தானே வாங்கினீங்க" என்பார்கள். இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்குபவர் சோதித்துப் பார்த்து வாங்கினால், அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு உரிமை கோருவது கடினம். ஆனால் பார்த்து வாங்கு என்று சொல்வதற்கு, பார்க்க ஏதாவது மிச்சம் வைத்திருக்க வேண்டுமே! சாட்சியை அகற்றிவிட்டு "நீ ஏன் பார்க்கவில்லை" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

குறையோடு விற்பது தப்பில்லை. குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கலாம். அப்படி வாங்குகிறவர் முதல் வாரமே அடிப்பாகத்தைச் சரிசெய்துகொள்வார். அவர் டயரும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும். மறைத்து விற்கும்போதுதான் அந்தச் செலவு நாலு மடங்காகி, விஷயம் தெரியாத ஒருவர் தலையில் விழுகிறது.

விதி வரும்வரை வழி ஒன்றுதான். பழைய கார் பார்க்கப் போகும் யாரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் டயரைக் கேட்கட்டும். புது டயராக இருந்தால், "கழற்றின பழைய டயர் எங்கே அண்ணே?" என்று கேட்கட்டும். நல்ல வண்டியை விற்கிறவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவார், அல்லது பக்கத்து அலைன்மெண்ட் கடைக்கு வண்டியை அவரே ஓட்டி வருவார். மற்றவர்கள் பேச்சை மாற்றி, மியூசிக் சிஸ்டத்தைப் போட்டுக் காட்டுவார்கள்.