பின்வளவுக் கொடி

ஒக்டோபரில் தீத்தடுப்பு வாரம் வந்தால் எல்லோரும் புகை அலாரத்துக்கு பாட்டரி மாற்றுகிறோம். நல்லது. ஆனால் உடுப்பு காயவைக்கும் ட்ரையருக்குப் பின்னால் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? இந்தக் கிழமை ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பின்சுவரில் பார்த்ததை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை.

அந்த வீட்டுப் பேஸ்மென்ட்டில் குழந்தைகளோடு வாடகைக்கு இருக்கிறாள், எனக்குத் தங்கச்சி முறை. “அண்ணை, ரெண்டு தரம் ஓடவிட்டாலும் ஜீன்ஸ் ஈரமாத்தான் கிடக்குது” என்றாள். வெளியே போய்ப் பார்த்தேன். காற்று வெளியேறும் வாயில், குருவி கூடு கட்டாமலிருக்க வீட்டுக்காரர் சின்னக்கண் கம்பிவலை அடித்திருந்தார். வலை முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு, விரல் தடிப்புக்கு. நீலத் துவாயின் நூல்கூட அதில் தெரிந்தது. மூடியின் தகடுகள் அசையவே இல்லை.

குருவிக்குப் போட்ட வலை பஞ்சைத்தான் பிடிக்கும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி அந்த வாயில் வலை போடுவதையே தடுக்கிறது. வழி அடைபட்டால் ஈரக்காற்று போக இடமில்லை. சூடு உள்ளேயே ஏறும். சூடாக்கும் கம்பிக்குப் பக்கத்தில் பஞ்சு படியும். அது பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். காஸ் ட்ரையரென்றால் கார்பன் மொனொக்சைட்டும் வீட்டுக்குள் திரும்பும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில், வீட்டு ட்ரையர் தீ ஆண்டுக்குச் சுமார் 2,900. அவற்றில் 34 விழுக்காட்டுக்குக் காரணம், சுத்தம் செய்யாமை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. ஒவ்வொரு தரமும் பஞ்சு வடியைத் துடையுங்கள். வருசத்துக்கு ஒருக்கா மெஷினை இழுத்து, குழாயைக் கழற்றி, நீளத் தூரிகை விட்டு இழுங்கள். பின்னால் மடிப்பு மடிப்பாய் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருந்தால் இன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டு, 4 அங்குல உலோகக் குழாய் போடுங்கள். இன்னொன்று, படுக்கப் போகும்போது ட்ரையரைப் போடாதீர்கள். 2023இல் ஒன்ராறியோவில் வந்த மின்கட்டணத் திட்டத்தில் இரவு 11 மணிக்குப் பிறகு கரண்ட் மிக மலிவு. அதற்காகவே எத்தனை வீடுகளில் ட்ரையரை ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள்! மிச்சம் பிடிக்கும் சில சதங்களுக்காகப் பிள்ளைகள் படுத்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

கரண்ட் மிச்சம்தான் கவலையென்றால் வெயில் இருக்கிறது. போன கோடையில் உடுப்புக் காயப்போடும் கொடியைப் பற்றி எழுதியதற்கு என்னோடு கோபித்தவர்கள் உண்டு. மறுபடியும் எழுதுகிறேன்.

இந்த நாட்டில் கொடி கட்டக் கூடாது என்று இன்னமும் நம்மவர் பலர் நினைக்கிறார்கள். ஒருகாலத்தில் புதிய குடியிருப்புகளில் அப்படித் தடை இருந்தது உண்மை. 2008 ஏப்ரலில், டால்டன் மக்கின்டி முதல்வராக இருந்தபோது, ஒன்ராறியோ அந்தத் தடைகளை நீக்கிவிட்டது. தனி வீடு, இரட்டை வீடு, வரிசை வீடு மூன்றுக்கும் இது பொருந்தும். மாடிக் குடியிருப்பு பல்கனிகளுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் மனக்குறை.

ஊரில் அம்மா முருங்கையிலிருந்து கிணற்றடித் தூணுக்குக் கொடி கட்டியிருந்தா. நிறச்சேலைகள் உட்புறம் வெளியே. உள்பாவாடைகள் நடுக் கொடியில், இருபுறமும் சேலை மறைக்க. சேட்டைக் காலரில் கொழுவ விடமாட்டா. கீழ்விளிம்பில்தான் கிளிப் போட வேண்டும். அந்த ஒழுங்கைப் பார்த்து வளர்ந்த நாங்கள், ஜூலை வெயில் பின்வளவில் காயும்போது பேஸ்மென்ட் இருட்டில் ட்ரையரைச் சுழற்றுகிறோம். நியூஃபவுண்லாந்தில் கடற்காற்றில் உடுப்புப் படபடப்பதை அந்த மக்கள் அழகென்று படமெடுத்து மாட்டுகிறார்கள். நம்மவர் மட்டும் ‘பக்கத்து வீட்டார் என்ன நினைப்பினம்’ என்று கூசுகிறார்கள்.

பனிக்காலத்தில் ட்ரையர் வேண்டும். பேஸ்மென்ட்டுக்குள் ஈர உடுப்பு விரித்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கொடி போதும்.

தங்கச்சியின் வீட்டுக்காரர் வலையைக் கழற்றச் சம்மதித்துவிட்டார். கொடி என்றதும் முகம் சுருங்கியது. கப்பி வைத்த கொடி ஒன்றை வாங்கி நானே கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டெக்கில் நின்றபடியே இழுத்து இழுத்துக் காயப்போடலாம், புல்லில் இறங்கவே வேண்டாம். மேல் வீட்டுக்குச் சனி, கீழ் வீட்டுக்கு ஞாயிறு என்று பிரித்தும் கொள்ளலாம்.