அட்டை மட்டும் போதுமா?

முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் பாலப் பணி பார்த்தவன் நான். ஓய்வுக்குப்பின் மகனோடு இத்தீவில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு என் துணைவியாரின் இதய சிகிச்சைக்காகச் சென்னை சென்றோம். பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் ஒரு காசும் வாங்கவில்லை. ஆனால் இருவருக்கும் விமானக் கட்டணம், ஒரு மாத அறை வாடகை என்று சேமிப்பு கரைந்தது.

ஜெர்மனி 1883லேயே தொழிலாளர் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. பிரிட்டன் 1948 முதல் வரிப்பணத்தில் அனைவருக்கும் மருத்துவம் தருகிறது. நம் நாட்டில் 2018ல் ஆயுஷ்மான் பாரத் வந்தது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 2024ல் 70 வயது நிரம்பிய அனைவரும் சேர்க்கப்பட்டனர். வரவேற்கத்தக்கதே.

ஆயினும் தீவுவாசிகளான நமக்குப் பாடம் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. மலைநாட்டுக்கும் தீவுகளுக்கும் அரசுப் பணத்தில் தனி மருத்துவச் சேவை 1913லேயே அங்கு அமைந்தது. இன்றும் அப்பகுதி நோயாளிகள் தொலைதூர மருத்துவமனைக்குச் சென்றுவரும் செலவை விதிகளுக்குட்பட்டுத் திரும்பப் பெறுகிறார்கள்.

பாலம் எத்தனை உறுதியானாலும் அணுகுபாதை இல்லையேல் வண்டி ஏறாது. கடல் கடக்கும் செலவும் சிகிச்சைச் செலவே என்று காப்பீட்டு விதியில் எழுதப்பட வேண்டும். நம் சங்கம் இதை மனுவாகத் தரலாமே! அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.