குடலைப் பருவத்தில் தண்ணீரை மறிக்கலாமா?

வட்டையில் வேளாண்மை குடலைக்கு வரும் நாட்களில் எந்த விவசாயியும் வாய்க்காலை மறிக்கமாட்டான். அந்த நாட்கள் தவறினால் பிறகு எவ்வளவு பசளை போட்டாலும் பதரே மிஞ்சும் என்பதை அவன் அறிவான். பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையான கட்டிளம் பருவமும் எமது பிள்ளைகளுக்கு அப்படிப்பட்டதே. ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்களில் நாம் அதிகம் மறந்துவிடுவது இந்தப் பிள்ளைகளைத்தான்.

யுத்தமும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையும், காணிப் பிணக்குகளும் கல்முனை முதல் பொத்துவில் வரை எத்தனையோ குடும்பங்களை இடம் மாற்றின. இடம் மாறிய குடும்பத்தில் கர்ப்பிணித் தாய்க்குக் கிளினிக் உண்டு. கைக்குழந்தைக்கு நிறை பார்க்கும் அட்டை உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன உண்டு? பாடசாலையில் இருந்தால் ஏழாம், பத்தாம் வகுப்புகளில் மருத்துவப் பரிசோதனை கிடைக்கும். பாடசாலையை விட்டுவிட்டால் அதுவும் இல்லை. உம்மாவுக்கு உதவியாக வீட்டில் நிற்கும் மகளும், வாப்பாவோடு கூலிக்குப் போகும் மகனும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமற் போகிறார்கள்.

இந்த இடைவெளியை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்ட வைத்தியர் ஒருவர் எமது நாட்டில் வாழ்ந்தார். அவர் மேரி இரட்ணம். 1873இல் கனடாவில் பிறந்த அவர், மிஷன் வைத்தியராக 1896இல் இலங்கைக்கு வந்தார். தமிழர் ஒருவரை மணக்க எடுத்த முடிவை மிஷன் சபையார் ஏற்காததால் அந்த வேலையை இழந்தார். ஆனால் நாட்டை விட்டுப் போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். மருந்துப் போத்தலோடு தமது கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. வளரும் பிள்ளைகள் தமது உடலைப் பற்றி அறியவேண்டும் என்று பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடி வீட்டு நலத்தையும் போஷாக்கையும் கற்பதற்காக 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

பிறப்புக் கட்டுப்பாடு பற்றி அவர் கொண்டிருந்த கருத்தும் எமது திருச்சபையின் போதனையும் ஒன்றல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், பாடநூல், மாதர் சங்கம், மாநகரசபை என்று சுகாதாரத்தை மக்களிடம் கொண்டுபோன அவரது வழியை நாம் கற்கத்தான் வேண்டும்.

இன்று கல்முனைக்கெனத் தனியான பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை இயங்குகிறது. பாடசாலைகளில் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. திட்டம் இல்லை என்பதல்ல குறை. இடம் மாறியவரின் வாசல்வரை அது வந்து சேராததே குறை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. புதிய இடத்துக்கு வந்ததும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கைக்குழந்தையின் பெயரோடு மூத்த பிள்ளைகளின் பெயரையும் சொல்வோம். ஊசி தவறியிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்போம். பெரிய பிள்ளையான மகளுக்கு இரத்தம் குறையாதிருக்கக் கீரையும் மீனும் கொடுப்போம்; சோற்றோடு தேங்காய்ப்பால் சேர்ந்தாலும் பரவாயில்லை, உணவோடு தேநீர் மட்டும் வேண்டாம், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கடன் கணக்கோடு இந்தப் பிள்ளைகளின் கணக்கையும் எடுப்போம். பள்ளிவாசல் நிருவாகத்தினரும் கோயில் பெரியவர்களும் முன்வந்தால், மகளிடம் உம்மாவும் மகனிடம் வாப்பாவும் வெட்கமின்றிப் பேச வழி பிறக்கும்.

இழந்த காணிக்காக நாம் மனுக் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் காணி திரும்பிவரும் நாளில் அதில் மண்வெட்டி பிடிக்க வலுவுள்ள பிள்ளைகள் எமக்கு வேண்டாமா?